ஏழாம் நம்பர் வீட்டு ஃபேன்

மார்ச் 2, காலை 7.10

ஹிமாலியா ரிலே நிலையம். பணியில் இருப்பவர் பிலோமி அல்போன்ஸ், தனியாள். அலைக்கம்பம் சரி. மின்கலம் சரி. கரியமில வாயுவை உறிஞ்சும் கருவியின் ஃபேன் இருமுறை நின்று தானாக ஓடியது. கவனிக்க வேண்டும்.

பின்னாளில் இதைப் படிப்பவருக்கு: இது வியாழனின் சிறு நிலவுகளில் ஒன்று. பெரிய நிலவான கலிஸ்டோவில் உள்ள குடியிருப்பின் வானொலியை வெளிச்சுற்றில் உள்ள ஆறு சுரங்க முகாம்களுக்குக் கடத்துவது இந்த நிலையத்தின் வேலை. முகாம்களின் அவசரச் செய்திகள் உடனே கலிஸ்டோவுக்குப் போகும். ரசிகர் செய்திகள் இங்கே பிரிக்கப்படாமல் சேரும்; சனிக்கிழமை சரிபார்த்து மொத்தமாக அனுப்புவேன். படம் அனுப்ப மின்சாரம் போதாது என்பதால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ரேடியோதான்.

அதிகம் கேட்கப்படுவது சனிக்கிழமை மாலை வரும் நகைச்சுவை நாடகம், 'ஏழாம் நம்பர் வீடு'. எழுதுபவரும் கணவன் மாசிலாமணியாக நடிப்பவரும் என் கணவர் அல்போன்ஸ். மனைவி ரோசம்மாவாக நடிப்பது நான். அவர் கலிஸ்டோவில், நான் இங்கே. குரல் போய்ச் சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே என் வசனங்களை மட்டும், அவர் பதிலுக்கு இடம் விட்டுப் பேசி அனுப்புவேன். அந்த இடைவெளிகளில் அவர் தன் குரலைப் பொருத்துவார். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் கூடியவர்கள் சிரிப்பார்கள். ஆறு வருடமாக எங்கள் குடித்தனம் இதுதான்.

மார்ச் 4, காலை 9.30

ஃபேன் ஒரு மணி நேரம் நின்றது. மோட்டாரின் பேரிங் தேய்ந்திருக்கிறது. மாற்று இல்லை. போக்குவரத்துப் பிரிவுக்குத் தெரிவித்தேன், அல்போன்ஸுக்கும் எழுதினேன். அதிகாரி வேதமுத்துவின் பதில்:

"ஆகட்டும்மா. பதினோராம் தேதி சரக்குப் படகு கிளம்புது. ஃபேன் ஒண்ணு போட்டு விடுதேன். ரெண்டு வாரத்துல கைக்கு வந்துரும்."

மார்ச் 6, மாலை 4.00

இந்த வார வசனம் வந்தது. அல்போன்ஸ் என் கடிதத்தை அப்படியே கதையாக்கியிருக்கிறார்.

"ஏளா ரோசம்மா, ஃபேன் ஓடலைன்னா கையால வீசு. கை ஓடுதுல்லா?"

"கை ஓடும், வாயும் ஓடும். நீங்க கட்டில விட்டு எழுந்திரிச்சு ஓடுதீகளான்னுதான் பாக்கேன்."

நன்றாக எழுதப்பட்ட பகுதி. பேசிப் பதிந்து அனுப்பினேன். பேசும்போது இடது கையால் ஃபேனைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, காலை 8.20

வேதமுத்து:

"உங்க ஃபேன் கதையக் கேட்டு எங்க ஆபீஸே உருண்டு பெரண்டு சிரிச்சுதும்மா. என் வீட்டுக்காரி ரெண்டு நாளா என்னையக் கட்டில்லயே உக்கார விடலை. படகு விஷயம், தாது ஏத்த வேண்டியிருக்கு, பத்து நாள் தள்ளிப் போகுது. அதுவரைக்கும் மாசிலாமணிய வீசச் சொல்லுங்க!"

இங்கே ஈர்ப்பு மிகக் குறைவு. ஃபேன் நின்றால் காற்று நகராது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நிற்கும். தூங்குபவர் தன் மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்பார். இதை விளக்கி எழுதினேன். பதில் இல்லை.

மார்ச் 10, பகல் 12.15

அல்போன்ஸுக்கு எழுதினேன்: படகு கிளம்பும் வரை ரோசம்மா பேசமாட்டாள். அவர் பதில்:

"பிலோமி, கோவிச்சுக்கிடாத. சனிக்கிழமைக்காக அத்தன சனமும் காத்துக்கிடக்கு. வேதமுத்து அனுப்புதேன்னு சொன்னா அனுப்புவாரு. நீ எதையும் பெருசு பண்ணுவ, ரோசம்மா மாதிரியே."

ரோசம்மா பெரிதுபடுத்துவாள். அப்படி எழுதியவர் அவர். நான் இந்த நிலையத்தில் ஒரு அளவீட்டையும் கூட்டி எழுதியதில்லை.

மார்ச் 14, மாலை 6.40

நான் வசனம் அனுப்பவில்லை. நிகழ்ச்சி வந்தது. அதில் ரோசம்மா பேசினாள்.

என் குரல்தான். ஆறு வருடப் பதிவுகளிலிருந்து கணினியில் உருவாக்கியிருக்கிறார்கள். 'ழ' வரும் இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறுவேன், அதைக்கூட விடவில்லை.

"ஃபேன நானே சரி பண்ணிட்டேன். ஒரு கொண்டை ஊசி போதும். ஒங்கள நம்பியிருந்தா வெந்துல்லா போயிருப்பேன்."

"அப்ப இந்த வீட்டுல நான் எதுக்குளா?"

"காலண்டர் மாட்ட ஒரு ஆணி வேணும்லா?"

பெருஞ்சிரிப்பு. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது ஆறு முகாம்களுக்கும் போய்விட்டது.

மார்ச் 15, காலை 7.50

வேதமுத்து:

"ஃபேன் சரியாயிட்டுன்னு நேத்து ரேடியோவுல நீங்களே சொன்னீகளேம்மா. சந்தோஷம். உங்க சாமான எறக்கிட்டு அந்த எடத்துல தாது ஏத்திட்டோம். படகு அந்தப் பக்கம் வராது."

அது நான் இல்லை என்று பதில் அனுப்பினேன். கருவியின் அளவீடுகளையும் இணைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து:

"அல்போன்ஸ் சார்ட்ட கேட்டேன். 'எம்மேல கோவத்துல இருக்கா, ரெண்டு நாள்ல சரியாயிருவா'ன்னாரு. புருஷன் பொண்டாட்டி சண்டையில ஆபீஸ் தலையிட முடியாதும்மா. நல்லதனமா பேசித் தீத்துக்கிடுங்க."

மார்ச் 17, காலை 5.30

மோட்டார் எரிந்துவிட்டது. ஃபேனின் தண்டில் ஒரு திருகுச்சாவியைக் கட்டிக் கையால் சுற்றுகிறேன். பத்து நிமிடம் சுற்றல், பத்து நிமிடம் ஓய்வு. ஓய்வில் அபாயமணி அடிக்கிறது. தலைவலி. அல்போன்ஸுக்கு மூன்று செய்தி அனுப்பினேன். வந்த ஒரே பதில்: "வசனம் எப்போ அனுப்புவ?"

மார்ச் 21, மாலை 6.10

கலிஸ்டோவுக்குச் சொல்லிப் பயனில்லை. முகாம்களுக்குச் சொல்லலாம். நிகழ்ச்சி என் வழியாகத்தான் அவர்களுக்குப் போகிறது. ரோசம்மா பேசிக்கொண்டிருந்தபோது ஒலிவாங்கியைத் திறந்து குறுக்கே பேசினேன். சொன்னது இது:

"நான் பிலோமி பேசுதேன், ஹிமாலியாவுலருந்து. இப்பப் பேசுறது நான் இல்ல, மிஷின். என் ஃபேன் நெசமாவே நின்னுட்டு. மூச்சுக்குக் காத்து இல்ல. யாராவது வண்டி எடுத்துட்டு வாங்கய்யா."

சொல்லி முடிக்கும்போது எந்திர ரோசம்மா, "இவரு சட்டையத் தேடுதாரு, போட்டிருக்கது தெரியாம" என்றாள். சாப்பாட்டுக் கூடம் சிரித்தது. என் பேச்சுக்கே சிரித்ததுபோல இருந்தது.

ஐந்தாம் முகாமிலிருந்து நேராக எனக்கு வந்தது:

"ரெண்டு ரோசம்மா! யோசிச்சவரு கைய குடுங்க. ஒண்ணையே சமாளிக்க முடியலை, மாசிலாமணி தொலஞ்சான்! வயிறு வலிக்குதுய்யா."

இரண்டாம் முகாமும் ஆறாம் முகாமும் இதே போல. மூன்றாம் முகாமின் ரேடியோக்காரன் சூசை மட்டும்:

"அக்கா, நெசமாவா? பின்னால அடிச்ச அபாயமணி எங்க முகாம் மணி மாதிரியே இருந்துச்சு. வெளையாட்டுன்னா சொல்லிருங்க, நானும் சிரிச்சிட்டுப் போறேன். நெசம்னா எங்க சின்ன வண்டி நாலு நாள்ல வந்துரும்."

நிஜம், வா என்று அனுப்பினேன்.

"எரிபொருளுக்கு அனுமதி கேக்கணும். செவ்வாய்க்கிழமை கெளம்புதேன். அதுவரைக்கும் பேச்சக் கொறைங்கக்கா, மூச்சு மிச்சம்."

இந்த வேலையில் என் உயிரைப் பற்றி எவரும் கேட்ட முதல் கேள்வி அவனுடையது. வழக்கப்படி ரசிகர் செய்திகளின் மூட்டையைக் கலிஸ்டோவுக்கு அனுப்பினேன்.

மார்ச் 22, பகல் 11.00

அல்போன்ஸ்:

"பிலோமி! ரெண்டு ரோசம்மா பத்தி ரசிகருங்க எழுதித் தள்ளிட்டாங்க. எனக்குக்கூடத் தோணலை. ஆனா நடுவுல குரல் வெளிய வந்தா சனம் கொழம்பும். செவ்வாய்க்கிழமை ஒரு விசேஷப் பகுதி போட்டுக் கதைய முடிச்சு வைக்கேன். ஒனக்குப் பிடிக்கும், பாரேன். கோவம் போச்சுல்லா?"

ஃபேன் பற்றிக் கேட்கவில்லை.

மார்ச் 24, மாலை 6.50

விசேஷப் பகுதி வந்தது. குறுக்கே பேச மூச்சில்லை. ரிலேயை அணைக்கவும் இல்லை. மூன்றாம் முகாம் என்னை அழைத்தால் அதே தடம்.

கதை: சரக்குப் படகு வந்து கூட்டிப்போக, ரோசம்மா நிலவிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறாள். கதவுத் தாழ் சத்தம். மாசிலாமணி கட்டிலை விட்டு எழுந்து ஓடுகிறான், நிகழ்ச்சி வரலாற்றிலேயே முதல்முறையாக.

"வந்துட்டியா? நெசமாவே வந்துட்டியா?"

"வராம? ஒங்க ஃபேனுக்கு யாரு எண்ணெய் போடுவா?"

நிலையத்தில் குறுக்கே பேசியது பொறாமை பிடித்த பக்கத்து வீட்டுக்காரி என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். பிறகு கைதட்டல், நீண்ட நேரம். அல்போன்ஸின் குரல் ஓரிடத்தில் உண்மையாகவே உடைந்தது. அவர் அழுதிருக்க வேண்டும். அழக்கூடியவர்தான்.

சூசைக்கு விஷயம் தெரியும். இதற்குள் கிளம்பியிருப்பான். அந்த வண்டியில் தூர ரேடியோ கிடையாது, கூப்பிட்டுப் பயனில்லை. சனிக்கிழமை வருவான்.

மார்ச் 26

நேரம் பார்க்கவில்லை. சுற்றும் கை மாற்றினேன். ஐந்து நிமிடம் சுற்றல். விரல் நகம் நீலம். உறங்கக் கூடாது. உறங்கினேன். மணி எழுப்பியது.

ஒருமுறை ரோசம்மாவின் வசனத்தை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பதிலுக்கு இடம் விட்டு.

மார்ச் 27

நாளை. வாசல் அறையின் விளக்கைப் போட்டு வைத்தேன். அவனுக்கு வழி தெரிய.

மார்ச் 28, காலை

வண்டி தெரியவில்லை. ரேடாரில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை. மூட்டை அனுப்ப வேண்டும். ரசிகர் செய்திகள் நிறைய. எல்லாம் வாழ்த்து. செவ்வாய் இரவு தேதியிட்ட ஒன்று, மூன்றாம் முகாம், பெறுநர் ரோசம்மா, ஏழாம் நம்பர் வீடு, கலிஸ்டோ:

"அக்கா, நல்லபடியா வீடு போய்ச் சேந்துட்டீகளா! நான் பாருங்க, மடையன் மாதிரி வண்டிக்கு எரிபொருள் ஏத்திட்டு நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. படகு வந்து கூட்டிட்டுப் போயிட்டுன்னு கேட்டதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. எண்ணெயெல்லாம் எறக்கிட்டேன். அண்ணன்ட்ட சொல்லுங்க, கடைசி சீன்ல நானும் அழுதுட்டேன். சூசை."

இனிக் கிளம்பினாலும் நாலு நாள். கை நிற்கிறது.

அனுப்பினேன்.