சந்தைக்குக் கட்டுகிற சேலை

நீ அனுப்பிய நீலச் சேலை இருக்கிறதே சுசித்ரா, முதலில் அதைக் கட்டிக்கொண்டுதான் படத்துக்கு வாசலில் நின்றேன். இங்கே எல்லோரும் சுகம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மிளகு விளைச்சல் சுமார்தான். படத்தைப் பற்றிப் போனில் நீ கேட்டதற்கு இதில் எழுதுகிறேன். அரசு வீட்டுத் திட்டத்துக்குப் படம் எடுக்க வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, கல்யாணத்துக்குக் கெளம்பிட்டீங்களா? இந்தச் சேலையில நின்னா மேல ஆபீசுல யாரும் நம்ப மாட்டாங்க. கிழிசலா எதையாச்சும் சுத்திக்கிட்டு வாங்க." மழைக்கு மேற்குச் சுவர் சரிந்தது பொய்யில்லை, ஊருக்கு வந்தபோது நீயே பார்த்தாய். சுவர் சரிந்தால் போதாதாம். நானும் சரிந்து நிற்க வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சிரித்தேன்.

என்னிடம் கிழிசல் இல்லை, நீ அனுப்பிக்கொண்டே இருக்கிறாய். பக்கத்து வீட்டுப் பெருமாயி அக்காவிடம் ஓடினேன். கொடியில் பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது, முந்தானையில் கிழிசல். படத்துக்குக் கிழிஞ்ச சேலை ஒன்று வேண்டும் என்று அதைக் காட்டினேன். எடுத்து மடித்துக் கையில் கொடுத்தாள். "கொண்டுக்கிட்டுப் போ கண்ணு. நான் சந்தைக்குக் கட்டறது அது." கோபமாகச் சொல்லவில்லை. படம் எடுக்கிறவர் காத்திருந்தார். வாங்கிக்கொண்டு வந்து கட்டி நின்றேன்.

அந்தப் படத்தைத்தான் யாரோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட, நீ பார்த்திருக்கிறாய். ஓசி வீட்டுக்கு என்ன நடிப்பு என்று கீழே எழுதியது உன் சித்தப்பா மகன் வேல்முருகன், ரேஷன் அரிசியில் வளர்ந்தவன். பிச்சைக்காரி மாதிரி ஏன் நின்றாய் என்று நீ அழுதாய். பிச்சைக்காரி வேஷத்துக்கு என்று நான் தேர்ந்தெடுத்தது, அக்கா நாலு பேர் பார்க்க உடுத்துவது. வீடு கேட்டதில் எனக்கு வெட்கமில்லை. இதில்தான்.

சேலையைத் துவைத்து வைத்திருக்கிறேன். கிழிசலைத் தைக்க ஊசியில் நூல் கோத்தேன். தைத்தால் இன்னொரு முறை கிழிசல் என்று சொன்னதாகிவிடும். நூலை உருவிவிட்டேன். கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை. போன சந்தைக்கு அக்கா போகவில்லை. நாளை மறுபடி சந்தை.

குளிருக்குக் காதை மூடிக்கொள் கண்ணு. அந்தப் படத்துக்காக யாரிடமும் சண்டை போடாதே. அறப்பளீஸ்வரர் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா
அம்சவேணி

கவரை ஒட்டும் முன் இதையும் எழுதுகிறேன். சேலையைக் கொடுத்துவிட்டேன். கிழிந்தது என்று கேட்டிருக்கக் கூடாது என்றேன். "கிழிஞ்சதுதான கண்ணு" என்றாள். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தோலுரித்தேன்.