உரசல் இல்லாத கணக்கு

உன் மடிக்கணினியைத் திறந்ததும் கோடாலித் தைல வாசம் அடித்தது. தைலம் தொட்ட விரலோடுதானே நீ எப்போதும் தட்டுவாய்! நேற்று உன் மனைவி குளுவாங்கில் என் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். "பழைய ஆபீஸ் ஃபைல் ஏதோ இருக்காம்ணே. அழிச்சிடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்கு எதுன்னு தெரியல, நீங்களே பாத்து அழிச்சிடுங்க." நானும் பார்த்தேன். பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

நாம் இருவரும் ஒரே மேசையில் வாய்க்காலுக்கும் பாலத்துக்கும் கணக்குப் போட்ட காலம். எந்த ஓடையையும் முதலில் உரசல் இல்லாத தண்ணீராகத்தான் கணினியில் ஓட்டுவோம். அந்தத் தண்ணீர் கரையில் ஒட்டாது, தூணைச் சுற்றிச் சுழிக்காது. விடை சீக்கிரம் வரும். அதற்கு நீ வைத்த பெயர் 'லிச்சின்', வழுக்கல் என்பதற்கான மலாய்ச் சொல். பிறகுதான் உரசலைச் சேர்த்து நிஜக் கணக்கு. "லிச்சின் தண்ணிக்கு நடுவுல யானையே நின்னாலும் தள்ளாதுடா. சுத்திப் போய்ப் பின்னால சேந்துக்கும். இப்படி ஒரு தண்ணி எந்த ஊர்லலா இருக்கு?" என்று சிரிப்பாய்.

லாயாங் லாயாங் பக்கத்துச் சிறு பாலத்துக்கு நம் மேசையிலிருந்து போனவை அந்த லிச்சின் எண்கள். தூண் தடுத்தால் தண்ணீர் மட்டம் ஏறும் என்பதே அந்தக் கணக்கில் கிடையாது. பாலம் தாழ்வாக அமைந்துவிட்டது. முதல் பெருமழையில் தண்ணீர் தேங்கி ஏறி நான்கு வீடுகளில் புகுந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. மெத்தையும் அரிசியும் போயின. முதலாளி கத்தியபோது நீ எழுந்து, "நான்தான் பாஸ், மாத்தி அனுப்பிட்டேன்" என்றாய். அந்த மாதமே உன் வேலை போனது. அப்புறம் கடைசிவரை மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பிழைப்புதான்.

நான் உன்னை நம்பினேன். கோபம்கூடப் பட்டேன். "கொஞ்சம் பாத்து செஞ்சிருக்கலாம்லடா" என்று ரொட்டி சானாய் கடையில் உனக்குப் புத்தி வேறு சொன்னேன். நீ தலையை ஆட்டிக்கொண்டே தே தாரிக் டீயை ஆற்றினாய்.

இப்போது அந்தப் பாலத்துக்கு அனுப்பிய கோப்பின் நகல் என் முன்னால் இருக்கிறது. லிச்சின் என்று ஆங்கில எழுத்தில் எழுதும்போது நீ நடுவில் ஒரு 'ஹெச்' போடுவாய். அப்படிப் போட்டால்தான் நம் வாய்க்குச் சரியாக வரும் என்பாய். நான் மலாய்க்காரர்கள் எழுதுவதுபோல் 'ஹெச்' இல்லாமல் எழுதுவேன். இதற்கு எத்தனை கிண்டல் செய்திருக்கிறாய்! அறிக்கையோடு போன கோப்பின் பெயரில் 'ஹெச்' இல்லை.

அப்படியானால் அனுப்பியது நானா? எவ்வளவு யோசித்தும் அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. ஒருவேளை என் கோப்பை எடுத்து நீயே அனுப்பியிருப்பாயோ? அப்படியென்றால் ஏன் அழிக்க நினைத்தாய்? எனக்கு அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள். அதற்காகவா பழியை வாங்கிக்கொண்டாய்? உன்னிடம் மன்னிப்புக் கேட்பதா, சண்டை போடுவதா என்றே தெரியவில்லை.

சற்றுமுன் உன் மனைவி போன் செய்தாள். "அழிச்சிட்டீங்களாண்ணே?"

"இன்னும் இல்லம்மா. நாளைக்கு வீட்டுக்கு வரேன், ஒரு விஷயம் பேசணும்."

எதை முதலில் சொல்வேன் என்று தெரியாது, ஆனாலும் போகப்போகிறேன். நமக்குள் ஒருநாளும் உரசல் வந்ததில்லை என்று உன் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். ஒரே ஒரு தடவை என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா, பாவி?