வினிபிரெட் கிணற்றுத் தண்ணீர்

கோயமுத்தூர்
செவ்வாய்க்கிழமை

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் ஜோவிதாவுக்கு, கண் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அப்பா எழுதுவது. வேல்ஸில் குளிர் குறைந்ததா? நைட் டூட்டி முடிந்ததா? போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

அம்மாவின் வலது கண் போய்விடும் போல இருக்கிறது, கண்ணு. போன மாதம் புரை எடுத்த அதே கண். சனிக்கிழமை காலையில் எழுந்தவள் "ஏனுங்க, விடிஞ்சுதா இல்லீங்களா?" என்று கேட்டாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைப் பார்த்தேன். ஒரே ரத்தச் சிவப்பு, ஓரத்தில் சீழ்.

டாக்டர் ஹாரிகா கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார். உள்ளே கிருமி, என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். உன் அம்மா தயங்காமல் சொன்னாள், மகள் அனுப்பிய புனிதக் கிணற்றுத் தண்ணீர் என்று. சொட்டு மருந்தைப் பதினைந்து நாளாகத் தொடாமல் அதைத்தான் கண்ணில் விட்டாளாம்! மருந்து பாட்டில் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நெற்றியில் பூசத்தான் என்று பாட்டிலிலேயே எழுதி அனுப்பியிருந்தாய். அந்தக் கிணற்றின் மேலும் தப்பில்லை. வேல்ஸ் புனிதை வினிபிரெட்டம்மாள் தலை வெட்டுப்பட்டு விழுந்த இடத்தில் ஊற்று பொங்கியதையும், தலை மறுபடி ஒட்டி அவள் உயிரோடு எழுந்ததையும் நீ எழுதியிருந்தாயே, அதை அம்மா பக்கத்து வீட்டுப் பாப்பாயிக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் தெரியுமா? பாப்பாயியும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு சொட்டு வாங்கிப் போவாள்.

தப்பு என்னுடையது, அம்மணி. நீ அனுப்பிய தண்ணீர் ஆறே வாரத்தில் தீர்ந்துபோனது. நம் கோயிலில் தீர்த்தத் தொட்டி குறைந்தால் முழுக்கக் காயும்முன் சாதாத் தண்ணீர் சேர்ப்போம், அதுவும் தீர்த்தம்தான் என்பார் பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை. நானும் அதே நினைப்பில் பாட்டில் அடியில் கொஞ்சம் இருக்கும்போதே மாடித் தொட்டிக் குழாயில் பிடித்து நிரப்பினேன். அவளுக்குச் சொல்லவில்லை. எட்டு மாதமாக இதேதான்! பாட்டிலை ஒரு தடவைகூடக் கழுவவில்லை. மில்லில் முப்பது வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்த மடையனுக்கு இந்தப் புத்திகூட இல்லை பார்.

நேற்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதுவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "எனக்குத் தெரியுமுங்க. அப்பவே தொட்டித் தண்ணி வாசம் அடிச்சுதுங்க. பாட்டிலு நம்ம புள்ள கையில இருந்து வந்ததுங்க, அது போதும்னு இருந்துபோட்டேன்" என்றாள். தெரிந்தே ஊற்றியிருக்கிறாள், ஜோவிதா! இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

வியாழக்கிழமை ஆபரேஷன். பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையெழுத்து வாங்கிவிட்டார். இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டது; ஆள் வந்தால் நிழல் மாதிரி தெரிகிறது என்கிறாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது, லீவு கேட்டு வேலையைக் கெடுத்துக்கொள்வாள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

தண்ணீர், எண்ணெய், ஜெபமாலை எதுவும் அனுப்பாதே, சாமி. ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நீ வந்து அவள் கண்ணுக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

உன் அப்பா,
ஆரோக்கியதாஸ்