குடை 412 நான்தான்

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி முனகுகிறது, மற்றபடி குறையொன்றும் இல்லை. நீ நலமா என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவ இந்தத் தடவை என்னால் முடியவில்லை, ஏன் என்பது போகப்போகத் தெரியும். போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் நீ எடுத்த எடுப்பிலேயே சிரித்துவிடுகிறாய், கூடவே நானும் சிரித்துத் தொலைக்கிறேன், அதற்கப்புறம் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே சிரிக்க முடியாது, நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. டாக்டர் சொன்னார் என்று உன் சித்தப்பா ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி வைத்தார், இரண்டு வாரம் மிதித்தார், இப்போது அதில் துண்டும் போர்வையும் காய்கின்றன, இந்த வீட்டிலேயே ஒழுங்கா வேலை பாக்கிறது அது ஒண்ணுதான் என்கிறாள் உன் சித்தி. நம் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததால் நானே சரிசெய்தேன், அப்புறம் நான் சரிசெய்ததைச் சரிசெய்யக் குழாய்க்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, இதுக்கு முன்னாடி யாரு சார் இதுல கை வச்சது என்று கேட்டார், யாரோ ஓர் ஆள் வந்தான் என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து உன் அம்மா சிரித்த சிரிப்பில் என் மானம் அப்போதே போயிற்று. பஸ் நிலையத்தில் நான் வேலை பார்க்கும் தொலைந்த பொருள் அறைக்கு ஒரு வழியாகப் புது அலமாரி வந்துவிட்டது, ஐந்து தட்டு, கண்ணாடிக் கதவு. பழையதிலிருந்து எடுத்து அதில் அடுக்கியவை பதினொரு குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட், யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம். பல்செட்டைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை, வந்தாலும் எப்படிக் கேட்பார் என்று தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெண்ணை உனக்குத் தெரியும், போன தடவை உனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாளே அவள்தான். இரண்டு மாதத்துக்கு முன் அவள் என் போனில், ஊரார் படமும் சேதியும் போடுகிற ஒரு செயலியில், கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். பெயர் என்ன வைக்கலாம் சார் என்றாள், எதிரே மேஜையில் அன்று வந்த குடைக்குச் சீட்டு எழுதி வைத்திருந்தேன், அதையே பெயராக வைத்து அதையே படமும் எடுத்துப் போட்டாள். அப்படித்தான் நான் குடை 412 ஆனேன். மதியம் சாப்பாட்டு வேளையில் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. ஒருவர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து கட்டில் மிதக்கிறது, விரலைத் தள்ளினால் கீழே ஒரு பூனை தொட்டித் தண்ணீரில் விழுந்து எழுகிறது, அதற்குக் கீழே ஒருவர் கம்பியில் கட்டைவிரல் உயரத்துக்குச் சைக்கிள் செய்கிறார், அதற்கும் கீழே ஒரு பெண் தன் அப்பா போய்விட்டார் என்று இரண்டே வரி எழுதியிருக்கிறாள். உச்சுக் கொட்ட வாயெடுத்தால் சிரிப்பு வந்துவிடுகிறது, சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்குகிறது. என்ன கூத்து இது, துக்க வீட்டுக்குள் யாராவது பொம்மைக் கடை போடுவார்களா என்று எரிச்சலாக வந்தது. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள், நல்லதா ஒண்ணு காட்டறேன் சார், எனக்கு மனசு சரியில்லைன்னா இதைத்தான் பாப்பேன் என்று ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். பக்கத்தின் பெயர் நடுங்கும் ஊசி.

முகம் கிடையாது, ஒரு மடி, ஒரு துணி, இரண்டு கை மட்டும். இடது கை ஊசி பிடித்துப் பூத்தையல் போடுகிறது, வலது கை துணியை அழுத்திக்கொண்டு சும்மா கிடக்கிறது, சும்மாவும் இல்லை, லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. குருவி போட ஆரம்பித்தேன் கோழி வந்திருக்கிறது, முட்டை போட்டால் தெரிவிக்கிறேன் என்று கீழே எழுதியிருந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வலது மணிக்கட்டுக்கு மேலே இருந்த தழும்பைப் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று என் காக்கிச் சட்டையை இஸ்திரி போடப் போய்ச் சுட்டுக்கொண்டாயே, அந்தத் தழும்பு. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும்போது உன் கை நடுங்கியதையும், நரம்பு கிடைக்காமல் ஒரு பெரியவரை மூன்று தடவை குத்திவிட்டு நீ பாத்ரூமுக்குள் போய் நின்றதையும், அவரே வெளியே வந்து பரவாயில்லம்மா என் நரம்பு அப்படி என்று சொன்னதையும் படித்தேன். இன்று என்னிடமிருந்து ஊசியை வாங்கிவிட்டார்கள், கணினி முன்னால் உட்கார்ந்து பெயர் பதியச் சொல்லிவிட்டார்கள், இனி வருகிறவர்களுக்கு வலிக்காது என்று நீ எழுதிய அன்று என்ன தேதி என்று பார்த்தேன். அதே நாள் மாலை என்னோடு போனில் பேசி, வேலையெல்லாம் சூப்பரா போகுதுப்பா என்று சொல்லியிருக்கிறாய். அம்மாவிடம் சொல்லவில்லை, அவளுக்கு நெஞ்சு தாங்காது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். உன்னிடமும் கேட்கவில்லை. நீ போடுவதற்கெல்லாம் ஓர் இதயத்தை மட்டும் அழுத்திவிட்டு நல்ல பிள்ளையாக இருந்தேன்.

அந்த நல்ல பிள்ளைதான் போன மாதம் அந்தக் காரியத்தைச் செய்தான். நீ இடது கையால் முழுசாக முடித்த முதல் பறவையைப் போட்டிருந்தாய், நீல இறக்கை, இந்தத் தடவை நிஜமாகவே பறவைதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அருமை, இப்படியே தொடர வாழ்த்துகள் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு மூஞ்சியையும் வைத்து அனுப்பினேன். நான் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நீ அடுத்ததைப் போட்டிருக்கிறாய், எங்கே விரல் பட்டதோ, என் வாழ்த்து அதற்கடியில் போய் உட்கார்ந்துவிட்டது. டாக்டர் சொல்லிவிட்டார், மருந்து நடுக்கத்தைக் குறைக்கும், போக்காது, என் வலது கை இனிமேல் இப்படித்தான் என்று நீ எழுதியிருந்தாய். அதற்குக் கீழே உன் அப்பன் பல்லைக் காட்டி, இப்படியே தொடர வாழ்த்துகள் என்கிறான்.

வாலு, எங்கள் அறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். பொருள் கேட்டு வருகிறவர் எதைக் கேட்டாலும், பல்செட்டே ஆனாலும், அவர் சிரிப்பதற்கு முன் நாம் சிரிக்கக் கூடாது. இருபத்தாறு வருடம் அதைக் காப்பாற்றினேன், பெற்ற மகளிடம் வந்து கோட்டை விட்டேன். அழிக்கவும் தெரியவில்லை, டிக்கெட் கவுண்டர் பெண்ணுக்கு அன்று விடுமுறை. பார்க்கப் பார்க்கத் திட்டு ஏறிக்கொண்டே போனது. மனுஷனா நீ என்றார்கள், வயசுக்கேத்த புத்தி வேணாமா என்றார்கள். அதில் அடுப்படி ஜன்னல் என்று ஒரு கணக்கு, அதுதான் எல்லோருக்கும் மேலே, உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஆனா இளிப்பீங்களா என்று கேட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம்தான் நீ வந்தாய். அவரை விட்டுடுங்க, யாரோ பெரியவர் விரல் தவறிப் போட்டிருப்பார், விரல் தவறுறதைப் பத்தி என்கிட்டயா சொல்றீங்க என்று எழுதினாய். அதோடு விட்டாயா, குடை ஐயா, நான் இப்படியே தொடரத்தான் போறேன், வாழ்த்துக்கு நன்றி என்றும் எழுதினாய். யாரென்றே தெரியாத ஒரு கிழவனுக்காக, அதுவும் உன் வாழ்க்கையிலேயே மோசமான ஒரு நாளில், நீ ஏன் அவ்வளவு மெனக்கெட்டாய்? என் மகள் இவ்வளவு பெரிய மனுஷியாகிவிட்டாளா என்று அந்த அறையில் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். பெருமையில் அழுதேன் என்று எழுத ஆசைதான், பாதி அவமானம்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் ஆஸ்பத்திரி ஃபைல் ஒன்றைத் தேடி வந்தார். எங்கம்மாவுடைய ஃபைல், அம்மா போன வாரம் இறந்துவிட்டார்கள், ஆனாலும் அது வேண்டும் என்றார். ஃபைல் இருந்த தட்டிலேயே குழந்தைகள் விளையாடும் ரப்பர் வாத்து ஒன்றும் இருந்தது, ஃபைலை இழுக்கும்போது என் முழங்கை பட்டு அது குவாக் என்று கத்திவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார், அப்புறம் சிரித்தார் பார், பெஞ்சில் உட்கார்ந்துதான் மூச்சு வாங்கினார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, எந்தத் தண்ணீர் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எங்கம்மா இருந்திருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது, இன்னொரு தடவை அமுக்கிக்கவா சார் என்று கேட்டு அமுக்கிவிட்டுத்தான் போனார். அவர் போனபின் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பல்செட்டும் கல்யாண ஆல்பமும் ஆஸ்பத்திரி ஃபைலும் வாத்தும் ஒரே தட்டில் இருப்பதை இத்தனை வருடம் தினமும் பார்க்கிறேன், ஒரு நாளும் அது எனக்குத் தப்பாகப் படவில்லை, போனில் பார்த்தபோது மட்டும் எதற்கு அப்படிக் கோபப்பட்டேன் என்று இருந்தது. நீ கோழியைப் பற்றி எழுதுவது கையை மறைக்க அல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கையும் உன்னுடையது, கோழியும் உன்னுடையது. உனக்குப் பதில் எழுதுகிறார்களே, கை நடுங்குகிற ஒரு தச்சர், நீ போட்டதைப் பார்த்துப் பத்து வருடத்துக்குப் பிறகு உளியைத் தொட்டேன் என்கிறார், அவர் செய்த கோணல் ஸ்டூலைப் பார்த்து நீ அடித்த கிண்டலையும் படித்தேன். டாக்டரால் அந்த மனிதரைச் சிரிக்க வைக்க முடியுமா, நீ சிரிக்க வைத்திருக்கிறாய். எனக்கு வராது கண்ணு, எனக்குத் தெரிந்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டு குழாயைப் பிரிப்பதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் குடை நீங்கதானா என்றாள். அடுப்படி ஜன்னல் யார் என்று இப்போது உனக்கும் புரிந்திருக்கும். ஊசி குத்தாமல் இருக்க நீ விரலில் மாட்டியிருக்கும் பித்தளைத் தொப்பி அவள் கொடுத்தனுப்பியதாமே, அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளாம், எனக்கு மூன்று வாரம் முன்பே. எனக்குத் தாங்காது என்று என்னிடம் சொல்லவில்லையாம். நீ எங்களுக்குத் தாங்காது என்று மறைத்தாய், நான் அவளுக்கு, அவள் எனக்கு, என்ன அருமையான குடும்பம் பார். முதலில் சண்டை போட்டோம், அப்புறம் உன் நீலப் பறவையை இரண்டு போனிலும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், சோறு ஆறிப்போயிற்று.

உன் மேல் கோபமில்லை, வருத்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் சொல்ல முடிந்தது எங்களிடம் முடியவில்லை, எங்கள் முகம் வாடுவதைப் பார்க்க உனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதானே. வாடத்தான் செய்யும், பார்த்துப் பழகிக்கொள். இத்தனை வருடம் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து மற்றவர்களிடம் அடையாளம் கேட்டவன், இன்றைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறேன், நீ சரிபார்த்துக்கொள். வலது மணிக்கட்டுக்கு மேலே அரைநிலா மாதிரி ஒரு தழும்பு, சுண்டுவிரல் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருக்கும், என்னுடையதும் அப்படித்தான். இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது, அதனால் ஒன்றும் அடையாளம் மாறிவிடவில்லை. அந்தக் கை எங்களுடையது அம்மாடி, எங்களிடம் கொடு, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். நீ வா என்று ஒரு வார்த்தை சொன்னால் இருவரும் கிளம்பி வருகிறோம், அம்மா முழங்காலைக் கேட்டுவிட்டாள், அதுவும் வருகிறேன் என்கிறதாம்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. சூடான தண்ணீர் இருக்கும் பாத்திரத்தை வலது கையால் தூக்காதே. ஊசிக்கு நூல் கோர்க்கும்போது கண்ணைக் கசக்காதே, விளக்கை வலப்பக்கம் மாற்றி வை, படத்தில் பார்த்தேன், நிழல் துணிமேல் விழுகிறது. எங்கள் அறையில் பொருளைத் தொண்ணூறு நாள் வைத்திருப்போம், உனக்கு அவ்வளவு தவணை தர முடியாது, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. முதலில் கையைப் பற்றிச் சொல், அப்புறம் கோழியைப் பற்றிச் சொல், இரண்டையும் கேட்கிறோம். நீ சிரித்தபிறகுதான் நான் சிரிப்பேன். நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

இனி வருவது என் இடது கை எழுத்து, கோணலாக இருக்கிறதே என்று பதறாதே. ஒவ்வோர் எழுத்தும் எனக்கே அடையாளம் தெரியாமல் வருகிறது, அம்மா எட்டிப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்கு என்கிறாள். இந்த மூன்று வரிக்கே விரலெல்லாம் வலிக்கிறது, நீ ஒரு பறவையையே முடித்திருக்கிறாய். இந்தத் தடவை சரியான இடத்தில்தான் போடுகிறேன்.

இப்படியே தொடர வாழ்த்துகள்.

உன் அப்பா