காந்தம் ஒட்டும் பித்தளை

அண்ணா,

நாற்பத்தெட்டு மணி நேரம் டீசலில் ஊறியபின் பிரஷர் வாஷர் பம்பில் இறுகிக் கிடந்த வால்வுகள் இளகிவிட்டன. துடைத்து ஷெட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் பம்பை இப்போது பூட்டாதே.

பிரதீஷ் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்த பம்பு ஹெட்டில் காந்தம் ஒட்டுகிறது. நாம் கொடுத்தது பித்தளை, அதில் ஒட்டாது. கேட்டேன். "ஏட்டி, பாலிஷ் போட்டா ஒட்டத்தாம் செய்யும், ஒனக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தார். வேறொன்றை மாற்றிக் கொடுத்திருக்கிறார். நீயும் தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாயா?

மதியம் அவரும் அவர் அம்மாவும் என் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வருகிறார்கள். அவியலும் சாம்பாரும் அடுக்களையில் மூடி வைத்திருக்கிறேன். நான் நாகர்கோவில் போகிறேன். சாயங்காலம்தான் வருவேன்.

நந்தனா

பி.கு. தேதி குறிக்க விடாதே. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. எனக்குப் பிரதீஷைக் கட்டிக்கொள்ள இஷ்டமில்லை.