பதுளைக் கடைக்காரர் சொன்ன வார்த்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

கொழும்பிலிருந்து விஜேந்திரன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

"ரயில்காரனுங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாது, ஸ்ட்ரைக் பண்ணி எம்புள்ளைய திருவிழாவுக்கு வரவிடாம பண்ணிட்டானுங்க" என்றீர்களே. சம்பளம் கூட்டச் சொல்லி, காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போயும் கொழுந்து பறிக்க மலை ஏறாமல் கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தீர்களே, அப்போது பதுளைக் கடைக்காரர் தோட்டத்து ஆட்களைச் சொன்னதும் இதேதான். அவர் நிறுத்துக் கொடுத்த அரிசியை அங்கேயே போட்டுவிட்டு வந்தீர்கள்.

நேற்று என் முதலாளியும் அதையே சொன்னார். எதிர்த்துப் பேசினேன். அதனால் இன்றிலிருந்து கணக்கு மேசையை விட்டு மூட்டை தூக்குகிறேன். கவலைப்படாதீர்கள், நன்றாகப் பசிக்கிறது. பஸ்ஸில் யாராவது வந்தால் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள்.

விலைவாசி ரயில்காரர் வீட்டுக்கும்தான் ஏறியிருக்கிறது. முதலாளி கூப்பிடுகிறார். அந்தக் கடைக்காரர் பேச்சு உங்கள் வாயில் வர வேண்டாம், அம்மா.

விஜி