அண்ணனைப் பற்றிய பதினான்கு பக்கங்கள்

திருச்செங்கோடு,
19.1.2025

பிரவீனாவுக்கு,

இங்கே யாரும் நலமாக இல்லை. உன் நலம் அறியும் ஆவலும் இப்போதைக்கு எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம் என்றால் வார்டன் பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று சென்னிமலை அண்ணனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பொங்கல் லீவில் நீ டைப் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போன சைக்காலஜி பிராஜெக்டை வாங்கி உன் விடுதிக்கு அனுப்பச் சொல்லி அம்மா இரண்டு நாளாக என் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலைத் தாண்டி மாதக்கணக்கில் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். தெரியாமலா, ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே. சென்னிமலை அண்ணன் ஃபைலைக் கொடுத்துவிட்டு என் கையை விடவில்லை. "மனசு உட்டுறாத சாமி, எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து படித்தபோது புரிந்தது. பதினான்கு பக்கமும் என்னைப் பற்றித்தான்.

பெயரை மாற்றி 'ச' என்று போட்டிருக்கிறாய். கெட்டிக்காரி. ஆனால் நான்காம் பக்கத்தில், தந்தைக்கு மூன்று போர்வெல் லாரிகள் உண்டு, அதில் ஒன்றின் பின்னால் மகனுடைய பெயரை 'டாக்டர்' பட்டத்தோடு எழுதியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். திருச்செங்கோட்டில் அப்படிப்பட்ட லாரி எத்தனை ஓடுகிறது? நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரமே அப்பா எழுதி வைத்தது. குழந்தைக்கும் தெரியும். பெயரை மறைத்துவிட்டு வீட்டு முகவரியைக் கொடுத்த ஒரே ஆள் நீதான்.

எத்தனை தோசை சாப்பிடுகிறான், எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிக்கிறான், ஆள் வந்தால் எப்படிக் கதவைச் சாத்துகிறான், எல்லாம் இருக்கிறது. நான் உனக்குத் தட்டு நீட்டிய நேரத்தில் நீ எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாய். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

கடைசிப் பக்கத்தில், இந்த ஆய்வுக்கு நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து. அதை நான் போடவில்லை பிரவீனா.

ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

தீனதயாளன்


நாமக்கல் பள்ளி விடுதி,
22.1.2025

அன்புள்ள அண்ணா,

நீ எழுதாவிட்டாலும் நான் 'அன்புள்ள' என்றுதான் எழுதுவேன்.

கையெழுத்துப் போட்டது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் போட்டேன் என்று கேள். பொங்கலுக்கு வந்த நான்கு நாளும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உன் அறை வாசலில் நின்றேன். ஒருமுறை "அப்புறம்" என்றாய். இன்னொருமுறை அதுகூடச் சொல்லவில்லை. மாட்டுப் பொங்கலன்று கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மறுநாள் அது அதே இடத்தில் கிடந்தது. நான் என்ன செய்வது? பிப்ரவரி மூன்றாம் தேதிக்குள் ஃபைல் கொடுக்க வேண்டும். ஆறாம் தேதி வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அது இல்லையென்றால் செய்முறை மதிப்பெண் போயிற்று. கோவையில் பி.ஏ. சைக்காலஜி என்று நான் வாயே திறக்க முடியாது. "அப்பவே சொன்னனே, பைத்தியக்காரப் படிப்புன்னு" என்பார் அப்பா. அதற்காகவே காத்துக்கொண்டிருக்கிறார்.

உனக்குக் கோபம் வந்திருக்கிறது. எனக்கு வராதா? மூன்றாவது முறையும் நீட்டில் இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து நீ அறைக்குள் இருக்கிறாய். எட்டு மாதம் ஆகிறது. யாராவது கேட்டால் நீ அப்பாவின் போர்வெல் ரிக் ஆபீஸ் பார்த்துக்கொள்கிறாய் என்கிறாள் அம்மா. அப்பாவோ நாலாவது முறைக்குக் கோச்சிங் சேர்த்துவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார். உனக்கு என்ன ஆயிற்று என்று அந்த வீட்டில் ஒருவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். உஷாராணி டீச்சர் இரண்டு வருடமாக எங்களுக்குச் சொல்லித் தருவது அதைத்தான்.

ஊர் முழுக்கப் பொய் சொல்லும்போது நான் மட்டும் உண்மையை எழுதினேன். அந்தப் பதினான்கு பக்கத்தில் எந்த வரி பொய், சொல். ஒரே ஒரு வரி காட்டு. ஃபைலை நானே கிழித்துப் போடுகிறேன்.

உன் தங்கை,
பிரவீனா


திருச்செங்கோடு,
25.1.2025

பிரவீனாவுக்கு,

எந்த வரி பொய் என்று கேட்டிருக்கிறாய். ஒன்பதாம் பக்கம், மூன்றாவது வரி. 'தோல்வியை ஏற்றுக்கொள்ள மனம் மறுத்ததால் மூன்றாம் முறையும் தேர்வு எழுதினார்.'

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜூன் மாதம். இரண்டாவது முறையும் எனக்கு வராது என்று தெரிந்துவிட்டது. நான் அதற்காக அழவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியலுக்கு இடம் கிடைத்திருந்தது. யாருக்கும் சொல்லாமல் நானே விண்ணப்பம் போட்டிருந்தேன். அதே வாரம்தான் நீ சைக்காலஜி உள்ள குரூப் வேண்டும் என்று சோறு தின்னாமல் படுத்திருந்தாய். அப்பா பயாலஜிதான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நான் லாரி ஷெட்டுக்குப் போனேன். அப்பா ரிக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் கேட்பதைப் படிக்க விடுங்கள் என்றேன். அப்பா சொன்னார்: "ஊட்டுல ஒருத்தராச்சும் டாக்டராகோணும். நீ இன்னொருக்கா எழுதறயா சொல்லு, அவ எதையோ படிச்சுட்டுப் போறா." சரிங்க என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் சேர்த்தார். நீ எனக்குப் போன் செய்து, அப்பா மனசு மாறிட்டார்ண்ணா என்று சிரித்தாய்.

நான் தோல்வியை ஏற்க மறுக்கவில்லை அம்மிணி. ஏற்றுக்கொண்டு ஊரைவிட்டுப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தேன்.

இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ எழுதியதுகூடப் பரவாயில்லை. குடும்பப் பின்னணி என்ற தலைப்பின் கீழ் அப்பாவுக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு அரைப் பக்கம். கடைசியில் 'இவருக்கு ஒரு தங்கை உண்டு' என்று ஒரு வரி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஃபைலைக் கூரியரில் போட்டுவிட்டேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். இனி எனக்குக் கடிதம் போடாதே.

தீனதயாளன்


நாமக்கல் பள்ளி விடுதி,
28.1.2025

அண்ணா,

போடாதே என்றாலும் போடுவேன்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். நேராக உஷாராணி டீச்சரிடம் போய், கையெழுத்து நான் போட்டது என்று சொன்னேன். டீச்சர் கத்தவில்லை. ஃபைலை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். "உனக்கு இந்தப் பாடத்தில் முதல் அத்தியாயமே ஏறவில்லை" என்றார். மூன்றாம் தேதிக்குள் வேறு ஒருவரைக் கேட்டு வேறு ஒன்று எழுதினால் உண்டு, இல்லையென்றால் அந்தப் பகுதிக்குச் சுழியம். விஷயம் பிரின்சிபாலுக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து ஒருவர் வந்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அப்பாவுக்குப் போன் வந்திருக்கும்.

எனக்கு வேண்டியதுதான். அழுதுவிட்டேன், அது முடிந்தது. இப்போது உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தைச் சொல்கிறேன்.

யார் உன்னைக் கேட்டார்கள்? ஷெட்டில் நீயும் அப்பாவும் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசி முடித்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். பயாலஜி படித்து, உன்னைப் போலவே தோற்று, அப்பாவிடம் நானே சண்டை போட்டிருப்பேன். நான் ஒரு தாளில் உன் கையெழுத்தைப் போட்டேன். நீ என் இரண்டு வருடத்துக்கு என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறாய். அண்ணன் என்பதால் அது தியாகம், தங்கை என்பதால் இது திருட்டா? இங்கே ஒவ்வொரு பரீட்சையிலும் முதல் மதிப்பெண் வாங்கிச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது எங்கே வைப்பது?

இப்போது நாலாவது முறை. இது யாருக்காக? அடுத்த மாதம் விண்ணப்பம் போட வேண்டும், அப்பா போட்டே விடுவார். அதற்கும் நான்தான் காரணம் என்று பிறகு ஒரு நாள் எழுதுவாயா?

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தால், அந்த ஒப்பந்தம் எனக்குத் தெரியும், அது முடிந்தது, அண்ணனை விட்டுவிடுங்கள் என்று சொல்லப் போகிறேன். ஆனால் இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுத்தான். சொல்லலாமா? வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன். சனிக்கிழமைக்குள் பதில் வர வேண்டும்.

பிரவீனா


திருச்செங்கோடு,
30.1.2025

அன்புள்ள பிரவீனா,

நீ சொல்லாதே. அது நான் சொல்ல வேண்டியது. சொல்லிவிட்டேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. நான் உன்னைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அது எனக்குத் தோன்றவில்லை. உனக்கு நல்லது செய்தேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக உன்மேல் இருக்கும் கோபம் குறைந்துவிட்டது என்று எண்ணாதே.

இன்று மதியம் அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தேன். என்னைத் தட்டுக்கு முன்னால் பார்த்ததே அவருக்கு ஆச்சரியம். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நான் எழுதலீங்கப்பா" என்றேன். என்னத்தை என்று கேட்டார். "நாலாவது தடவை. மூணாவதே எனக்காக எழுதலீங்க." அவர் கை கழுவாமல் எழுந்து ஷெட்டுக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை. அம்மா என்னைத் திட்டிக்கொண்டே அழுகிறாள், அழுதுகொண்டே இரண்டாவது முறை சோறு போட்டாள்.

போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். உன் பள்ளிக்கூட வாசலை மிதிக்க மாட்டாராம். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அண்ணன் எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா என்று டீச்சரிடம் கேட்டு வை. ஆதார் கார்டு எடுத்து வருகிறேன். கையெழுத்து என்னுடையதுதான் என்று பொய் சொல்லி உன்னைக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்க்காதே. நடந்ததை நடந்தபடி எழுதித் தருவேன். வேறு ஆளைக் கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டாயா? இன்னும் நாள் இருக்கிறது.

எட்டு மாதமாக நான் யாரிடமும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. உன்னைத் திட்டுவதற்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன். காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிடுவேன். நீயும் வைத்திருப்பதையெல்லாம் கொண்டுவா. நான் பாதியில் எழுந்து போக மாட்டேன்.

உன் அண்ணன்,
தீனா